அட்டைப்படம் எதைப் பார்த்து வரையப்பட்டது?

ஒரு வீடியோ கேமின் அட்டைப்படம் நல்லதா மோசமா என்று எதை வைத்துச் சொல்வது? கைத்திறனை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நன்றாக வரைந்த மோசமான அட்டைகள் நிறையவே உண்டு. பெட்டியில் இருக்கும் காட்சி அப்படியே திரையிலும் வருகிறதா என்று பார்ப்பதும் சரிப்படாது. அது ஏன் என்பதிலிருந்தே தொடங்குவோம்.

அட்டாரி 2600 வெளிவந்தது 1977இல். அதன் தற்காலிக நினைவகம் மொத்தமே 128 பைட். இந்தப் பத்தியின் ஒரு நடுத்தர வாக்கியத்தைத் தமிழில் சேமிக்கக்கூட அது போதாது. அந்தக் கருவிக்கு வாரன் ராபினெட் எழுதிய ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் நாயகன் ஒரு சின்னச் சதுரம். முகம், கை, கால் எதுவும் கிடையாது. டிராகன்களோ பார்ப்பதற்கு வாத்து மாதிரி இருக்கும். பெட்டியைப் பார்த்தால் கோட்டையும் டிராகனுமாக முழு ஓவியம். ஏமாற்று வேலை என்று தோன்றலாம். ஆனால் ராபினெட் உருவாக்க நினைத்தது அந்தக் கோட்டையையும் டிராகனையும்தான். கருவியால் காட்ட முடிந்தது சதுரத்தை மட்டும். மீதியை ஓவியம் கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு விளையாட உட்கார்ந்தவருக்குச் சதுரம் வீரனாகத் தெரிந்தது. திரையோடு பொருந்தாவிட்டாலும் விளையாட்டின் மனத்துக்கு உண்மையாக இருந்த அட்டை அது.

1987இல் கேப்காம் நிறுவனத்தின் ‘மெகா மேன்’ அமெரிக்காவுக்கு வந்தது. ஜப்பானில் அதன் பெயர் ‘ராக்மேன்’. நாயகன் ஒரு சின்ன நீலநிற ரோபோப் பையன். அவன் கையே துப்பாக்கி. அமெரிக்கப் பெட்டியில் நின்றதோ நீலமும் மஞ்சளும் கலந்த உடுப்பில் ஒரு நடுவயது ஆள். கையில் தனியாக ஒரு கைத்துப்பாக்கி, பின்னால் பனைமர வகை மரங்கள். பையனும் இல்லை, ரோபோவும் இல்லை. விளையாட்டின் ஆதாரமான அந்தத் துப்பாக்கிக் கையும் இல்லை. இந்த அட்டை எவ்வளவு பேர்போனது என்றால், 2012இல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன்’ விளையாட்டில் கேப்காமே அந்த ஆளை ஒரு பாத்திரமாகச் சேர்த்தது. ‘அட்வென்ச்சர்’ அட்டையும் இதுவும் திரையில் இல்லாததைத்தான் காட்டின. முன்னது விளையாட்டைப் பெரிதாக்கியது. பின்னது விளையாட்டையே விட்டுவிட்டது.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகப் பார்க்க வேண்டுமென்றால் ‘ஈகோ’வின் இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். 2001இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த விளையாட்டு. கொம்பு முளைத்த ஒரு சிறுவன், வெறிச்சோடிய கோட்டையிலிருந்து ஒரு பெண்ணைக் கைபிடித்து அழைத்துப்போவதுதான் கதை. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வந்த அட்டையை இயக்குநர் ஃபுமிட்டோ உவேடாவே வரைந்தார். இத்தாலிய ஓவியர் ஜார்ஜியோ டி கிரிகோவின் பாணியைத் தழுவியது அது. மஞ்சள் வெயில், பிரம்மாண்டமான கட்டடங்கள், தரையில் நீளமாக விழும் நிழல்கள். மனிதர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்: கைகோத்து ஓடும் இரண்டு சின்ன உருவங்கள். இடம் எவ்வளவு பெரியது, இவர்கள் எவ்வளவு தனியானவர்கள், கையை விட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த ஒரே பார்வையில் கிடைத்துவிடுகிறது. ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே அந்தப் பெண்ணின் கையை விடாமல் கோட்டை முழுக்க நடப்பதுதான் விளையாட்டும்.

அமெரிக்க வெளியீடு ஜப்பானை முந்தி, செப்டம்பரிலேயே வந்தது. அதன் அட்டையில் கணினியில் உருவாக்கிய சிறுவனின் உருவம் பெரிதாக, ஆயுதத்தோடு முன்னால் நிற்கிறது. கொம்பு இருக்கிறது, கோட்டை இருக்கிறது. சொல்லப்போனால் தகவலில் தவறே இல்லை. தனிமைதான் இல்லை. இன்னொரு சண்டை விளையாட்டு என்று நினைத்துக் கடந்துபோக அதுவே போதும்.

இப்படி ஏன் நடக்கிறது? 2013இல் வந்த ‘பயோஷாக் இன்ஃபினிட்’ விளையாட்டின் அட்டையில் துப்பாக்கியைத் தோளில் சாய்த்த ஒரு ஆண் மட்டும் நின்றபோது ரசிகர்கள் கொதித்தார்கள். கதையின் உயிரான எலிசபெத் முன்னட்டையில் இல்லை. இயக்குநர் கென் லெவின் காரணத்தை ஒளிக்காமல் சொன்னார்: விளையாட்டுச் செய்திகளைத் தொடர்ந்து படிக்காதவர்களையும் ஈர்க்க வேண்டியிருந்தது. கோடிக்கணக்கில் செலவழித்தவரின் கவலை அது, புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் முகம் தெரியாத வாடிக்கையாளரைக் கற்பனை செய்து வரையும்போது எல்லா அட்டையும் ஒரே அட்டையாகிவிடுகிறது. பிறகு ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்த படம் ஒன்றை அட்டைத்தாளின் உள்பக்கத்தில் அச்சிட்டார்கள். பிடித்தவர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிக்கும் இதே நியாயம்தான். 1982இல் இன்ஃபோகாம் வெளியிட்ட ‘டெட்லைன்’ எழுத்தால் மட்டுமே ஆன துப்பறியும் விளையாட்டு. சொல்ல வேண்டியதெல்லாம் வட்டில் அடங்கவில்லை. அதனால் விசாரணைக் குறிப்புகள், ஆய்வக அறிக்கை, சம்பவ இடத்தின் புகைப்படம், சிறு பையில் மாத்திரைகள் என்று சாட்சியங்களைப் பெட்டிக்குள் வைத்தார்கள். திறந்த நொடியிலேயே வழக்கு கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் 1987இல் வந்த ‘லெஜண்ட் ஆஃப் ஜெல்டா’வின் பொன்னிறப் பெட்டியில் கேடயச் சின்னத்தின் ஒரு மூலையை வெட்டித் திறந்துவைத்தார்கள், உள்ளே இருக்கும் தங்கநிறக் கேட்ரிட்ஜ் அதன் வழியே தெரியும். புதையல் தேடும் விளையாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான உறை இருக்க முடியாது.

இன்று பெரும்பாலும் பெட்டியே இல்லை. இணையக் கடையில் கட்டைவிரல் அளவுப் படம்தான். இடம் குறையக் குறைய, எல்லாரும் போடும் முகத்தையே போட்டுவிடும் ஆசை கூடும். ‘ஈகோ’ அட்டையில் ஆட்கள் எறும்பளவுதான். ஆனாலும் மனத்தில் நின்றது. அட்டை வரையச் சொல்பவர்கள் ஓவியரிடம் சந்தை அறிக்கையைக் கொடுக்கும் முன் விளையாட்டைக் கொடுக்க வேண்டும், ஆடி முடிக்க நேரமும் கொடுக்க வேண்டும். அதை ஆடியவருக்கு எதை வரைவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.