அணையும் மதகும்

1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைகை அணையில் 71 அடி வரை நீர் தேங்கும். ஆயினும், மதகு வழியாக வெளிவரும் அளவே வயலை அடையும். காணொளி தொகுக்கும் நம் மாணவர்தம் கணினியிலும் இதனையே காண்கிறோம். சேமிப்பகம் அணை; அதன் வேகம் மதகு; நினைவகம் வேலை நடைபெறும் வயல். வன்தட்டு நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட்டு தரும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 மெகாபைட்டு தரும். நினைவகம் நிறைந்தாலோ, கணினி மிகுதியைச் சேமிப்பகத்திற்கு அனுப்பி மீண்டும் எடுக்கும், காட்சி தடைபடும்.

எனவே, பொருள் செலவிடுமுன், தொகுக்கும் வேளையில் டாஸ்க் மேனேஜரை நோக்குதல் வேண்டும். நினைவகம் நிறைந்திருப்பின் 8 ஜிகாபைட்டை 16 ஆக்கலாம். நிறையாதிருந்தும் வன்தட்டு ஓயாது உழைப்பின் எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். பெற்றோர் உழைத்து ஈட்டிய பணத்தைக் குறையறிந்து செலவிடுவதே அறிவுடைமை என்போம்.