குடியை விடணும், ஊருக்குத் தெரியக்கூடாது: ஏ.ஏ. கூட்டத்துக்குப் போவது எப்படி?

திருக்கோஷ்டியூர் மாதிரி ஊர்களில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். அதுதான் வசதி, அதுதான் சங்கடமும். டாஸ்மாக் வாசலில் நிற்கக் கூச்சப்படாத ஆள், "நிறுத்தணும், உதவி வேணும்" என்று கேட்க மட்டும் கூச்சப்படுவது இதனால்தான். நிறுத்தியதாகச் சொல்லிவிட்டு நாலாம் நாள் சறுக்கினால், அதுவும் ஊருக்குத் தெரிந்துவிடுமே!

மாலை போட்டால் 48 நாள் தொடவே மாட்டார், மாலையைக் கழற்றிய சாயந்திரமே பழைய கதை. இப்படி ஒருத்தர் உங்கள் தெருவிலும் இருப்பார். அவருக்கு மன உறுதி இல்லை என்று சொல்லிவிட முடியுமா? 48 நாள் இருந்து காட்டியவர் அவர். அந்த நாள்களில் கூட நாலு சாமிகள் இருந்தார்கள், பஜனை இருந்தது, சாயந்திரம் போக ஓர் இடம் இருந்தது. 49-வது நாள் தனி ஆளாகிவிட்டார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., கைகொடுப்பது அந்த 49-வது நாளுக்குத்தான்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பில் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் என்ற டாக்டரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது இது. இருவருமே குடிநோயாளிகள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. கட்டணம் கிடையாது, ஆதார் கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்தணும் என்ற ஆசை இருந்தால் போதும். சும்மா பேசுவதால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 2020-ல் வெளியான காக்ரேன் ஆய்வு, 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. ஏ.ஏ.வும், அதில் சேரத் தயார்படுத்தும் சிகிச்சையும், குடியை முழுதாக விட்டு இருப்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தன என்பது அதன் முடிவு.

சரி, எங்கே தேடுவது?

ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச்சேவை அலுவலக இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். ஒரு எச்சரிக்கை: 'திருப்பத்தூர்' என்று தட்டினால் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டம் வந்து நிற்கும். நம்ம திருப்பத்தூர் வேறு. அதனால் சிவகங்கை, காரைக்குடி, மதுரை, திருச்சி என்று தனித்தனியாகத் தேடுங்கள். இடமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், பஸ் ஏறும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் இந்தப் பாதையில் வந்தவராகவே இருப்பார்.

கூட்டம் மதுரையில்தான் என்றால் தூரம்தான். ஆனால் தெரிந்த முகம் இல்லாத ஊர் என்பது முதல் தடவை போகிறவருக்குப் பெரிய நிம்மதி. கூட்டங்கள் பெரும்பாலும் மாலையில் நடக்கும், எனவே திரும்பும் கடைசி பஸ்ஸையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்கள் கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் கூட்டத்தில் உட்காரலாம்.

உள்ளே என்ன நடக்கும்?

சர்ச் ஹாலோ பள்ளி வகுப்பறையோ, இடம் எதுவானாலும் அது இடம் மட்டும்தான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை. 12 படிகளில் 'கடவுள்' என்ற சொல் வரும். அது அவரவர் புரிந்துகொண்ட கடவுள். சுமார் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருவர் தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைப் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே பேசாமல் கேட்பார்கள். உங்கள் முறை வரும்போது "இன்னிக்கு கேட்க மட்டும் வந்தேன்" என்றால் விட்டுவிடுவார்கள். கடைசியில் ஒரு பை சுற்றிவரும், புதியவர் காசு போடவேண்டியதில்லை. அங்கே கேட்டது அங்கேயே நிற்கணும் என்பதுதான் கறாரான விதி.

'இனி வாழ்நாளில் தொடமாட்டேன்' என்ற சத்தியமெல்லாம் அங்கே கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும், அவ்வளவுதான். நடுவில் சறுக்கினாலும் திரும்ப வரலாம். மந்திர உபதேசத்துக்காக ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 தடவை நடந்து வந்ததாகச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குடிப்பவர் வர மறுத்தால் வீட்டில் இருப்பவர்கள் போகலாம். அவர்களுக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. ஏ.ஏ.விலும் 'திறந்த கூட்டம்' என்றால் குடும்பத்தினர் உட்காரலாம், 'மூடிய கூட்டம்' குடிநோயாளிகளுக்கு மட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்துவது ஆபத்து. முதல் சில நாள்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணில் தெரிவது எனத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே முதலில் டாக்டர், பிறகு கூட்டம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். 'அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விற்கும் பொடிகளை நம்பவே நம்பாதீர்கள். அதில் டைசல்பிரம் மருந்து இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஊருக்குத் தெரிந்தே செய்தாலும் நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் கிராமத்துக்கே போய்ச் சிகிச்சை முகாம் நடத்தியது. பக்கத்து வீட்டுக்காரர்களே துணைக்கு நின்றார்கள்.

அப்படியொரு முகாம் நம் பக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையே முதல் வரியாகச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.