தீவுகளைத் தேடி – 7: பதினொரு பேர் தங்கிய பாறை

ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் லெவர்பர்க் துறையிலிருந்து காலையில் கிளம்பும் படகு, அட்லாண்டிக் அலைகளில் ஏறி இறங்கி, சில மணி நேரத்தில் செயிண்ட் கில்டாவை அடைகிறது. அந்தத் தீவுக்கூட்டத்தின் முக்கியத் தீவான ஹிர்டாவின் காலியான கிராமத்தைப் பற்றிச் சென்ற வாரமே எழுதிவிட்டேன். 1930 ஆகஸ்ட் 29 அன்று கடைசி 36 பேரும் அங்கிருந்து கப்பலேறினார்கள். திரும்பும் வழியில் படகு பக்கத்துத் தீவான போரரேயைச் சுற்றிக்கொண்டு போகும். என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தின் உயிரே அந்தச் சுற்றில்தான் இருக்கிறது.

போரரேயை ஒட்டி இரண்டு பாறைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. ஸ்டாக் லீ 172 மீட்டர் உயரம், ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர். தூரத்தில் வெள்ளைப் பாறையாகத் தெரிவது, நெருங்க நெருங்க அசைகிறது. எச்சத்தின் வெண்மை பாதி. மீதி முழுக்க கன்னெட் பறவைகள். இந்தத் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 60,000 ஜோடிகள் கூடு கட்டுகின்றன. முதலில் நாற்றம் மூக்கில் ஏறுகிறது, பிறகு இரைச்சல். பக்கத்தில் இருப்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ஒரு பறவையின் அலகு அடுத்த கூட்டை எட்டக்கூடாது. கூடுகளுக்கிடையே விட்டிருக்கும் இடம் அவ்வளவுதான்.

தலைக்கு மேலே ஒன்று வட்டமிட்டது. ஆறடி விரிந்த இறக்கை, கறுத்த நுனி, மஞ்சள் பூத்த தலை. மீனைக் கண்டதும் இறக்கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அப்படியே விழுந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரில் மோதினாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அந்த அடியை முகத்திலும் மார்பிலும் தோலுக்கடியில் இருக்கும் காற்றுப் பைகள் தாங்கிக்கொள்கின்றன. மூக்குத் துவாரம் வெளியே கிடையாது, அதனால் தண்ணீரும் ஏறாது.

இந்தப் பறவைகள்தான் ஹிர்டாக்காரர்களின் சாப்பாடு. 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மினில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. அந்தச் சமயத்தில் ஹிர்டாவில் பெரியம்மை பரவியது. ஹாரிஸில் இறந்துபோன ஒருவரின் துணிமணிகளோடு அது வந்ததாகச் சொல்கிறார்கள். துடுப்புப் போட ஆளில்லாமல் போயிற்று. குளிர்காலம் முழுவதையும் அந்தப் பதினொரு பேரும் பாறையிலேயே கழித்தார்கள். மறுவருடம் மே மாதம்தான் மீட்கப்பட்டார்கள். பதினொரு பேரும் உயிரோடு இருந்தார்கள்! வீட்டில் பெரும்பாலோர் இல்லை. படகிலிருந்து அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்தபோது, எட்டுப் பிள்ளைகள் அங்கே எப்படித் தூங்கியிருப்பார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இன்று நோய் பறவைகளைத் தேடி வருகிறது. 2021-இல் செயிண்ட் கில்டாவின் ஸ்கூவா பறவைகள் பறவைக் காய்ச்சலில் மடிந்தன. மறுவருடம் ஸ்காட்லாந்தின் கன்னெட்டுகளையும் அது தாக்கியது. பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு வெளிர்நீலக் கண்கள் கறுத்துவிட்டன.

காய்ச்சல் காற்றுவழி வந்தால் நம்மால் தடுக்க முடியாது. எலியைத் தடுக்கலாம். செயிண்ட் கில்டாவில் எலி கிடையாது. வளைக்குள் முட்டையிடும் பஃபின் போன்ற பறவைகள் அங்கே லட்சக்கணக்கில் வாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் போவதாக இருந்தால், படகேறும் முன் பையைக் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

(தொடரும்)