உப்பள வெயிலும் வீட்டுக் கோபமும்

மற்றவர்கள் நடுவில் மனிதர் எப்படி நினைக்கிறார், எப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராயும் துறை சமூக உளவியல். அத்துறை நெடுங்காலமாக விடை தேடும் கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் ஏன் இன்னொருவரைக் காயப்படுத்துகிறார்? வெளியில் எல்லோரிடமும் தன்மையாகப் பேசுபவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஏன் கை ஓங்குகிறார்? 'அது அவன் பிறவிக் குணம், மாற்ற முடியாது' என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். குணத்துக்குப் பங்கு உண்டு என்பதை ஆய்வுகளும் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அந்தக் குணம் எந்த வெயிலில், எந்தப் பசியில், எந்த உறவுக்குள் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கோபம் ஓர் உணர்வு. வன்செயல் ஒரு நடத்தை: பிறர் விரும்பமாட்டார் என்று தெரிந்தே அவருக்குத் தீங்கு செய்வது. கோபம் வந்த எல்லோரும் அடிப்பதில்லை. கோபத்துக்கும் அடிக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதே ஆய்வாளர்களின் களம்.

1939-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் டொலார்டும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நினைத்தது கைகூடாமல் தடைபடும்போது பிறக்கும் ஏமாற்றமே வன்செயலுக்கு வழி என்பது அது. 1961-ல் ஆல்பர்ட் பண்டுரா இன்னொரு பக்கத்தைக் காட்டினார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தி உதைப்பதைப் பார்த்த சிறுவர்கள், தங்கள் முறை வந்ததும் அப்படியே குத்தி உதைத்தார்கள். அடிப்பது பார்த்துப் படியும் பழக்கமும்கூட என்பது அதனால் தெளிவானது.

குணத்தின் பங்கு

தாழ்வு மனப்பான்மை உள்ளவரே பிறரைத் தாக்குகிறார் என்று நெடுநாள் நம்பப்பட்டது. பிராட் புஷ்மன், ராய் பௌமைஸ்டர் என்ற இரு சமூக உளவியலாளர்கள் 1998-ல் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிலருக்கு அது பாராட்டுடனும், சிலருக்கு மிக மோசம் என்ற குறிப்புடனும் திரும்பி வந்தது. அடுத்து ஒரு போட்டி. அதில் தோற்றவரின் காதில் வென்றவர் இரைச்சலை ஒலிக்கச் செய்யலாம். எவ்வளவு சத்தமாக, எவ்வளவு நேரம் என்பது வென்றவர் விருப்பம். உரக்க ஒலிக்க வைத்தவர்கள் தாழ்வு மனப்பான்மை கொண்டவர்கள் அல்லர். தம்மைப் பிறரைவிட மேலானவராகக் கருதும் தன்மோகம் மிகுந்து, அந்த நேரம் அவமதிக்கவும் பட்டவர்களே அப்படிச் செய்தார்கள். அதே தன்மோகம் உள்ளவர்கள் பாராட்டுப் பெற்றபோது அந்த அளவுக்குத் தாக்கவில்லை. குணம் உள்ளே இருந்தாலும் அதைக் கிளப்புவதற்கு வெளியிலிருந்து ஒன்று வர வேண்டியிருக்கிறது.

வெயிலும் பசியும்

திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல்லைத் தாண்டிக் கிழக்கே போனால் மரக்காணம். அங்கே உப்பங்கழியை ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. பொங்கல் கழிந்து தொடங்கும் வேலை வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். மிதித்து இறுக்கிய பாத்தியில் உப்புநீர் காய்ந்து படிகமாகிறது. நீண்ட கம்பில் பொருத்திய பலகையால் அதை வாரி வரப்பில் ஒதுக்குகிறார்கள். பிறகு கூடையில் சுமந்து குவியலில் கொட்டுகிறார்கள். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பிலிருந்து எழும் கூசும் ஒளி, நடுவில் நிழல் இல்லாத மனிதர்.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான எல்லையைக் கடந்த வெப்பத்தில் வேலை செய்வதும், சிலருக்குச் சிறுநீரகத்தின் திறன் குறைந்திருப்பதும் தெரியவந்தன. வெப்பம் உடலுக்குச் செய்வது இது.

மனதுக்கு அது செய்வதை அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் ஆண்டர்சன் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். உடல் அவதிப்படும்போது எரிச்சல் கூடுகிறது. எரிச்சலில் இருப்பவருக்குச் சாதாரணச் சொல்லும் சீண்டலாகக் கேட்கிறது என்பது அவர் தரும் விளக்கம். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வு இதைச் சாலையிலேயே காட்டியது. பச்சை விளக்கு விழுந்தும் ஒரு கார் நகராமல் நின்றது. வெயில் ஏற ஏற, பின்னால் நின்றவர்கள் ஹாரனை அதிகமாக அழுத்தினார்கள். குளிர்சாதனம் இல்லாமல் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளின் 1,94,871 பெண்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து 2023-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் கூடும்போது, கணவர் அல்லது துணைவரின் வன்முறையும் சராசரியாக 4.49 சதவீதம் கூடுவதை அது கண்டது. வெப்பம் ஒன்றே காரணம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விளைச்சலும் வேலையும் வருமானமும் வெப்பத்தோடு சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன.

வயிறு காய்ந்தால் பொறுமை போய்விடும் என்று பெரியவர்கள் சொல்வதையும் சோதித்திருக்கிறார்கள். 2014-ல் புஷ்மனும் குழுவினரும் 107 தம்பதியரை 21 நாள் தொடர்ந்து கவனித்தார்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஆளுக்கொரு துணிப்பொம்மையும் 51 ஊசிகளும் தரப்பட்டன. பொம்மைதான் துணைவர். அன்று அவர்மீது எவ்வளவு கோபமோ அத்தனை ஊசிகளை இரவில் தனியாக இருந்து குத்த வேண்டும். காலையிலும் இரவிலும் இரத்தச் சர்க்கரையும் அளக்கப்பட்டது. இரவில் சர்க்கரை குறைந்திருந்தவர்களின் பொம்மையில் ஊசிகள் அதிகம் இருந்தன. ஆனால் தன்னடக்கத்துக்குச் சர்க்கரையே எரிபொருள் என்ற விளக்கத்தைப் பின்னாளில் பலர் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். இதைத் துப்பு என்ற அளவில் ஏற்பதே முறை.

மூன்று விசைகள்

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஈலை ஃபிங்கல் இவை எல்லாவற்றையும் மூன்று விசைகளாகத் தொகுத்தார். முதலாவது தூண்டல்: அந்த நேரத்தில் நடந்த சீண்டல். இரண்டாவது உந்தல்: குணம், வெப்பம், பசி, பழைய பகை என்று அந்தச் சீண்டலின் வேகத்தைக் கூட்டும் யாவும். மூன்றாவது தடை: கையைப் பிடித்து நிறுத்தும் பொறுமையும், பின்விளைவு பற்றிய நினைப்பும், எதிரில் இருப்பவர்மீது உள்ள அக்கறையும். முதல் இரண்டும் சேர்ந்து மூன்றாவதை மிஞ்சும்போது அடி விழுகிறது.

நாள் முழுதும் பாத்தியில் நின்றவர் மாலையில் வீடு திரும்புவதாக வைத்துக்கொள்வோம். கடன்காரர் வந்துபோன செய்தியை மனைவி சொல்கிறார். அது தூண்டல். வெயிலும் களைப்பும் உந்தல். வழியில் குடித்த மது தடையைக் கரைத்திருக்கிறது. மதுவின் வேலையே அதுதான்: இருக்கும் கோபத்தின் கட்டை அவிழ்த்துவிடுவது. இவற்றில் எதுவும் அடித்தவரின் பொறுப்பைக் குறைக்காது. அதே வெயிலில், அதே கடனில், கை ஓங்காத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38.1 சதவீதத்தினர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். உப்பளம் இல்லாத ஊர்களும் மின்விசிறிக்குக் கீழ் வேலை பார்ப்பவர்களின் வீடுகளும் இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும்.

கொட்டினால் ஆறுமா?

கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் மனம் ஆறும் என்பது பரவலான நம்பிக்கை. புஷ்மன் 2002-ல் 600 மாணவர்களிடம் இதைச் சோதித்தார். தம்மைச் சீண்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. அவர்களே பிறகு அதிகமாகத் தாக்கினார்கள். ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் மற்றவர்களைவிட அமைதியாக இருந்தார்கள்.

உதவக்கூடிய வழி ஒன்றை ஃபிங்கலின் 2013 ஆய்வு காட்டுகிறது. 120 தம்பதியரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டாம் ஆண்டில் பாதிப்பேர் மூன்று முறை, முறைக்கு 7 நிமிடம், ஒரு சிறு எழுத்துப் பயிற்சி செய்தார்கள். இருவர் நலத்தையும் விரும்பும் மூன்றாம் மனிதர் ஒருவர் தங்கள் சண்டையை எப்படிப் பார்ப்பார் என்று எழுத வேண்டும். அவர்களின் மணவாழ்வு நிறைவு மேலும் சரியாமல் நின்றது. எழுதாதவர்களுக்குத் தொடர்ந்து சரிந்தது. மொத்தம் 21 நிமிடம். இது சச்சரவுகளுக்கு உதவும் பயிற்சி. அடி உதை நடக்கும் வீட்டில் முதல் தேவை பாதுகாப்பே.

கூட்டத்தின் கோபம்

தனியாளுக்குள் இயங்கும் இந்த விசைகள் கூட்டத்துக்குள் பெருகுகின்றன. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் வெடித்த சாதி மோதலில் வீடுகள் தீக்கிரையாயின. கூட்டத்தில் ஆளடையாளம் மங்குகிறது, பொறுப்பு பகிர்ந்துபோகிறது, எதிரில் நிற்பவர் தெரிந்த முகமாக இல்லாமல் வெறும் சாதிப்பெயராகிவிடுகிறார். தடை என்ற மூன்றாவது விசை அங்கே தளர்ந்துபோகிறது.

அந்தத் தடையை முன்கூட்டியே வலுப்படுத்த முடியுமா? உத்தரப்பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியலாளர் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்திப் பார்த்தார். வேறு சாதியினரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி கடந்த நட்பு கூடியது. வேறு சாதியினரை எதிரணியாக மட்டும் சந்தித்தவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஆகவே சந்திப்பு மட்டும் போதாது. ஒரே பக்கம் நின்று பொதுவான ஒன்றுக்காகப் பாடுபடும் சந்திப்பாக அது இருக்க வேண்டும்.

கோபத்தைக் குணம் என்று ஒதுக்கிவிட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மூன்று விசைகளாகப் பிரித்துப் பார்த்தால் செய்ய வேண்டியவை கண்முன் நிற்கும். உப்பளத்தில் நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பறையும் வேண்டும். நண்பகலில் ஓய்வு வேண்டும். வேலை இல்லாத மழைக்காலத்துக்கான நிவாரணத் தொகை உரிய நேரத்தில் கைக்கு வர வேண்டும். ஊர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே விளையாட்டுத்திடல் வேண்டும். இவை உடல்நலத்துக்கும் வருமானத்துக்கும் மட்டும் ஆனவை அல்ல, வீட்டு அமைதிக்கும் ஊர் அமைதிக்கும் ஆனவை. அதுவரை, வீட்டில் அடிபடும் எந்தப் பெண்ணும் 'அவர் குணம் அப்படி' என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. அது 24 மணி நேரமும் இயங்குகிறது.