உங்களுக்குத் தெரியுமா? உப்புக் காற்றில் ஒரு பழைய கார்

குலசேகரன்பட்டினம், மணப்பாடு, உடன்குடி பக்கம் அம்பாசிடரோ பத்மினியோ கான்டெசாவோ வைத்துக்கொண்டு, விற்கவும் மனமில்லாமல், கொட்டிச் செலவழிக்கவும் வழியில்லாமல் இருப்பவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள். கையில் இருக்கும் காசை எங்கே முதலில் போடுவது என்பதுதான் கேள்வி.

★ இந்தக் கரையில் காரைத் தின்பது ஓடிய கிலோமீட்டர் அல்ல, வீசும் காற்று. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 33 சதவீதமே போதும். அதனால் கடலோரத்தில் உப்பு படிந்த தகடு கண்ணுக்குக் காய்ந்து தெரிந்தாலும் முழுதாகக் காய்வதே இல்லை. ஓட்டாமல் ஷெட்டில் பூட்டி வைத்த வண்டிக்கும் இதே கதிதான்.

★ ஆகவே மிக மலிவான பராமரிப்பு நல்ல தண்ணீர். மேலே பளபளவென்று துடைப்பதைவிட அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளின் உள்பக்கத்தையும் பீய்ச்சிக் கழுவுவது முக்கியம். வீட்டு போர் தண்ணீர் உப்புக் கரித்தால் அதைத் தொடாதீர்கள். துருவுக்குத் தீனி போட்டதாகிவிடும். பிடித்து வைத்த மழைத்தண்ணீர் அருமையானது. தசராவின் பத்தாம் நாள் இரவு சூரசம்ஹாரம் பார்க்கக் கடற்கரை மணல்வரை வண்டியைக் கொண்டுபோனவர்கள், மறுநாள் தூக்கம் தெளிந்ததும் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டும்.

★ அம்பாசிடருக்குத் தனியாகச் சேஸி கிடையாது! லாரி மாதிரி கனமாக இருப்பதால் பலரும் அடியில் சட்டம் இருப்பதாக நினைக்கிறார்கள். 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த இந்த உடல், தானே தன் எடையைத் தாங்கும் கூடு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடும், பின் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடமும் அரித்தால் அது அழகுக் குறை அல்ல, முதுகெலும்பு முறிவு. பத்மினிக்கும் அப்படியே. பெட்டித் தகட்டின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் சிறு துளைகளைத் தேரி மணல் அடைத்துவிடும். ஒரு கம்பியை விட்டுக் குத்தித் திறக்க அரை மணி நேரம் போதும், செலவு ஒன்றுமில்லை. அந்த அரை மணி நேரத்தைச் செலவிடாததால் பின்னால் டிங்கரிங் பட்டறையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் ஏராளம்.

★ பழைய கார் வாங்கப் போகிறீர்களா? சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். மெல்லிய துணியைச் சுற்றி உடல் முழுக்க வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது. பட்டி ஈரத்தை உறிஞ்சும். துருவின் மேல் பூசிய பட்டி அடுத்த மழைக்காலத்தில் கொப்புளிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால்தான் பெயின்ட் உப்புகிறது. துருவேறிய பகுதியை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பதே சரியான வேலை. அதற்கு மேல் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்து விட்டால் போதாது. அது ஈரத்தை உள்ளே விடும், மேலே பெயின்ட் வேண்டும். பெட்டிகளின் உள்ளே மெழுகுப் பூச்சு பாய்ச்சுவது நல்லது. அடியில் கறுப்புக் கோட்டிங்கைத் துருவின் மேலேயே அடித்துத் தருகிறவர்களிடம் வண்டியை விடாதீர்கள். வெடித்த கோட்டிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும்.

★ பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே தங்கிய ஆவி காற்றோடு கலந்து வெடிக்கக் காத்திருக்கும். டேங்குக்குப் பக்கத்தில் வெல்டிங் என்றால் அதைக் கழற்றித் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பேட்டரி வயரையும் கழற்றிவிட்டால் ஆல்டர்னேட்டர் டயோடு பிழைக்கும்.

★ சலவைச் சோடா கரைத்த தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் இருந்தால் துருவேறிய சிறு பாகங்களை வீட்டிலேயே சுத்தம் செய்யலாம். பாகத்தை நெகட்டிவ் முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் மாட்ட வேண்டும். எவர்சில்வர் துண்டு மட்டும் கூடாது, நச்சான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் திறந்த வெளியில்தான் இதைச் செய்ய வேண்டும். அலுமினியப் பாகங்களுக்கு இந்த முறை ஆகாது.

★ கேட்கும்போது பயமுறுத்தும் இன்ஜின் வேலைதான் உண்மையில் கைக்கு அடங்கும் செலவு! அம்பாசிடரின் பழைய 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. அங்கே எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இதே அளவு இன்ஜின்தான். உலகெங்கும் அந்தக் கார்களை இன்னும் ஓட்டுகிறார்கள். கேஸ்கெட்டும் பேரிங்கும் அங்கே இன்றும் தயாராகின்றன. கான்டெசாவின் 1.8 இசுசூ பெட்ரோல் இன்ஜின் பின்னாளில் அம்பாசிடருக்கும் வந்ததால் ஒன்றின் பாகம் மற்றதற்கு உதவும். சென்னையில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலும் லூக்காஸ் டிவிஎஸ் 1961இலும் தொடங்கியதிலிருந்தே பிஸ்டனும் டைனமோவும் நம் மாநிலத்திலேயே தயாராகும் சரக்கு. நல்ல லேத் பட்டறை இருக்கும் ஊரில் சிலிண்டரை ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலை. அரித்துப்போன உடலுக்கு அப்படி ஓவர்சைஸ் எதுவும் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன்: முதல் காசு அடிப்பக்கத்துக்கு, அடுத்தது பிரேக்குக்கு, பிறகு இன்ஜினுக்கு, பெயின்ட் கடைசி.

★ பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140ஆக இறங்குகிறது. மாஞ்சோலை போன்ற மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை தட்டும். பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் மொத்தமும் போச்சு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள், ரப்பர் கிட்டையும் சேர்த்து.

★ பழைய வண்டியை வைத்துச் சமாளிக்கும் கலைக்கு நெல்லைச் சீமையிலேயே ஒரு முன்னோடி உண்டு. டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் பிறந்தது திருக்குறுங்குடியில். மதுரையில் பஸ் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓடும்படி ‘கேஸ் பிளான்ட்’ தயாரித்தார். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலிலும் இறங்கினார்.

★ டயரில் பட்டன் தேயவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. குறைவாக ஓடும் கார்களில் டயர் தேய்வதற்கு முன் கிழடாகிவிடும்.

★ ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் நின்றது. பழைய இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காத்தது. அடிக்கடி வால்வு இடைவெளி குறைந்துகொண்டே போனால் இருக்கை தேய்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கடினமான இருக்கை வளையம் போட்டுவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பர் குழாயை இளக்கும். கார்புரேட்டருக்கு வரும் கலவையில் எரிபொருளின் சத்தும் குறையும். எத்தனால் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். நெருப்பு விபத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல. மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது.

★ பத்மினியில் ஸ்டியரிங் பக்கம் இருக்கும் கியர் சரியாக விழவில்லையா? கியர்பாக்ஸை இறக்க அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்திருக்கும். லேத்தில் பித்தளையில் கடைந்து தருவார்கள்.

★ விளக்கு மங்குகிறது, ஹாரன் இருமுகிறது என்றால் முதலில் எர்த் வயரைப் பாருங்கள். உப்புக் காற்றில் முனை பச்சை பூத்திருக்கும். சுரண்டி இறுக்கி, வாசலின் தடவினால் போதும்.

★ ஸ்டாண்டர்டு ஹெரால்டு தமிழ்நாட்டுக் கார்! 1961 முதல் சென்னைக்கு அருகில் தயாரானது. முன் மட்கார்டுகளோடு சேர்த்து பானட் மொத்தமும் முன்பக்கமாகத் திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தே இன்ஜின் வேலை பார்க்கலாம். இதற்குத் தனிச் சேஸி உண்டு. அதன் பக்கக் கிளைச் சட்டங்கள்தான் முதலில் அரிக்கும்.

★ 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கினார்கள். பட்டறைச் செலவைக் கணக்கிடும்போது இதையும் சேருங்கள். 50 ஆண்டு தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால் 2021 விதிப்படி ‘விஏ’ எழுத்து கொண்ட விண்டேஜ் எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. சேஸி, உடல், இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருந்தால் விண்ணப்பமே செல்லாது. டீசல் இன்ஜினைத் தூக்கி வைக்கச் சொல்லி யாராவது ஆசை காட்டினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய அசல் பாகம் எதையும் காயலான் கடைக்குப் போடாமல், கிரீஸ் தடவி, பெயர் எழுதிக் கட்டி, வீட்டுக்குள் ஈரம் படாத பரணில் வையுங்கள்.