ஆட்டநேரமும் அதிகாரமும்: ஹொக்கிப் பயிற்றுநர் மாற்றம் குறித்துச் சில சிந்தனைகள்

மலையகத் தோட்டங்களிலே ‘பேர்’ என்னும் சொல் ஒரு நாட்சம்பளத்தையும் குறிக்கும். காலையிற் பிரட்டுக்களத்தில் நின்று, அன்றைய மலைக்கு அனுப்பப்பெற்று, மாலையிற் கொழுந்தை நிறுவைக்குக் கொடுத்து, விதிக்கப்பட்ட நிறை தேறினாலே செக்ரோலிற் பேர் விழும், தேறாவிடின் அரைப்பேர். ஆளின் பெயரும் ஆளின் உழைப்புநாளும் ஒரே சொல்லில் அடங்கிவிட்ட இவ்வழக்கு ஹற்றனிலும் நுவரெலியாவிலும் யாவரும் அறிந்தது. பேர் விழுவது கொய்பவரின் கைத்திறனை மாத்திரம் பொறுத்ததன்று. எந்த மலை, எந்த நிரை, யாருக்கு எத்தனை நாள் என்பவற்றைத் தீர்மானிப்போர் வேறு. ஆதலாலேயே துரை மாறும்பொழுது, வருபவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு முன்னரே வேலைநாள் குறையுமா, கூடுமா என்ற கேள்வி லயங்களில் எழுகின்றது.

இதே கேள்வி விளையாட்டுக் களத்திலும் எழுவதுண்டு. பயிற்றுநர் மாறும்போது ஓர் ஆட்டக்காரர் களத்தில் நிற்கும் நிமிடங்கள் ஏன் மாறுகின்றன? ஆற்றல் நேற்றிருந்தவாறே இன்றும் இருக்க, நேரம் மட்டும் ஏன் சுருங்குகின்றது? விளையாட்டுப் பத்திரிகைகள் இதனைத் தனிமனித மனத்தாங்கலாகச் சித்திரிப்பதே பெருவழக்கு. அம்முறை எனக்கு உடன்பாடானதன்று. ஆட்டநேரம் பங்கிடப்படும் ஒரு பொருள். பங்கீடு இருக்குமிடத்து அதிகாரமும் உண்டு.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2004ஆம் ஆண்டின் ஒலிம்பிக் ஹொக்கி அணியில் 16 பேர் இடம்பெற்றனர். களத்தில் ஒரே வேளையில் 11 பேர். ஆட்டம் அந்நாளில் 35 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாய் 70 நிமிடம் நிகழ்ந்தது. இலக்குக் காப்பாளரை நீக்கினால் பத்து இடங்களுக்கும் சேர்த்து 700 நிமிடங்கள். இதனை ஏனைய 14 பேருக்கும் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 50 நிமிடம் வரும். ஒருவர் 70 நிமிடமும் நின்றால் அவருடைய மேலதிக 20 நிமிடம் மற்றவர்களின் பங்கிலிருந்தே வரவேண்டும். பின்னர் ஆட்டம் பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக்கப்பட்டு 60 நிமிடமாகக் குறைந்தமையால் பகிர்வதற்குரிய மொத்த நேரமே சுருங்கிற்று.

இந்த 700 நிமிடத்தையும் பயிற்றுநரின் கையில் முழுமையாக ஒப்படைத்தது மாற்றாட்ட விதியாகும். முன்னர் வெளியேறியவர் திரும்புதல் இயலாது. 1990களில் நடைமுறைக்கு வந்த விதியோ எவரையும் எத்தனை முறையும் வெளியே அழைத்து மீளவும் அனுப்ப இடமளித்தது. செயற்கைப் புற்றரையும் இதற்குத் துணைநின்றது. 1976இல் மொன்றியலில் ஒலிம்பிக் ஹொக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பெற்றது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கிற்று. விலையுயர்ந்த அத்தரை ஏழை நாடுகளின் மைதானங்களை ஒருங்கே பழமையாக்கிவிட்டது (இது தனிக் கட்டுரைக்குரிய பொருள்). அதில் ஆட்டம் வேகங்கொண்டது. உடல் விரைவிற் களைத்தது. களைத்தவரை மாற்றும் தேவை பெருகிற்று. கனடாவிற் புகழ்பெற்ற பனித்தள ஹொக்கியில் இவ்வளர்ச்சியின் உச்சத்தைக் காணலாம். அங்கே ஒருவர் ஏறத்தாழ முக்கால் நிமிடம் சறுக்கி ஆடிவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறார். ஆயினும் ஒவ்வொருவரும் பனித்தளத்தில் நின்ற நேரம் வினாடிக் கணக்கிற் பதியப்பட்டு வெளியிடப்படுகின்றது. அவர்களுக்கு ஒரு செக்ரோல் உண்டு.

புதிய பயிற்றுநர் வருகையில் மாறுவது பெரும்பாலும் அணியின் அமைப்பே. இந்தியத் துணைக்கண்டத்து மரபான ஆட்டத்தில் ஐந்து முன்னணி ஆட்டக்காரர், மூன்று நடுவர், இரண்டு பின்காவலர் என்பதே ஒழுங்கு. ஐரோப்பிய முறைகளில் முன்னணி இடங்கள் மூன்றாகவோ இரண்டாகவோ குறைகின்றன. எனவே முன்னணியில் ஆடும் ஒருவரது நேரம் குறைவதற்கு அவர் மோசமாக ஆடவேண்டியதில்லை. அவர் நின்ற இடமே ஒழிக்கப்பட்டிருக்கலாம். தேயிலை மலையொன்றை விறகுமரக் காடாக்கினால் கொழுந்து கொய்பவரின் பேர் குறைவதும் இத்தகையதே.

இவ்விடத்துத் தன்ராஜ் பிள்ளையின் வரலாறு நோக்கற்பாலது. 1968இல் பூனாவை அடுத்த கட்கியில், தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். தந்தை படைக்கலத் தொழிற்சாலையில் மைதானத்தைப் பராமரித்த தொழிலாளி. பிள்ளைகள் உடைந்த மட்டைகளை ஒட்டிக்கட்டி விளையாடினர். துரைமார்களின் பொழுதுபோக்குக்காக டிக்கோயாவிலும் டிம்புளையிலும் எழுந்த கழக மைதானங்களை அறிந்தோர்க்கு, புல்லைச் செப்பனிடுவோர்க்கும் அதில் ஆடுவோர்க்கும் இடையிலான தூரம் எத்தகையது என்பதை விளக்கவேண்டியதில்லை. அத்தூரத்தைத் தன்ராஜ் ஒரு தலைமுறையிற் கடந்தார். 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக ஆடி, நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கிண்ணப் போட்டிகளிற் பங்குபற்றினார்.

1998 டிசெம்பரில் பாங்கொக்கில் அவரது தலைமையில் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டியின் தங்கப்பதக்கத்தை 32 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. அடுத்த தேர்விலே தன்ராஜும் வேறு ஆறு மூத்த ஆட்டக்காரரும் நீக்கப்பட்டனர். ஓய்வளித்தோம், இளையோருக்கு வாய்ப்பளித்தோம் என்றது ஹொக்கிச் சம்மேளனம். ஆட்டக் கட்டணத்தையும் படிப்பணத்தையும் பற்றி வாய்திறந்தமைக்கான பழிவாங்கல் என்றே அது பரவலாகக் கருதப்பட்டது. குறிப்பிடத்தக்கது யாதெனில், அவர்களோடு பயிற்றுநர் எம். கே. கௌசிக்கும் அகற்றப்பட்டமையாகும். 2000இல் சிட்னி ஒலிம்பிக் அணிக்குப் பயிற்றுநராயிருந்தவர் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். கௌசிக்கும் பாஸ்கரனும் 1980இல் மொஸ்கோவில் தங்கம் வென்ற ஒரே அணியின் ஆட்டக்காரர். பாஸ்கரன் அதன் தலைவர்.

நேரத்தைப் பங்கிடும் பயிற்றுநரும் கூலிக்கு அமர்த்தப்பட்டவரே என்பது இதனாற் புலனாகும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போல அவர் பேர் போடுகிறார்; அவருடைய பேரைப் போடுபவர் வேறொருவர். வெற்றிபெற்ற பயிற்றுநரே நீக்கப்படும்போது, தோல்வியே மாற்றத்துக்குக் காரணம் என்ற வாதம் நிலைக்காது. கரிபியன் தீவுகளின் மார்க்சியரான சி. எல். ஆர். ஜேம்ஸ், மேற்கிந்தியக் கிரிக்கட் அணித்தலைமை யாருக்கு என்ற வினாவை நிறம், வர்க்கம், காலனித்துவம் ஆகியவற்றோடு பிணைத்து 1963இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

2004இல் நிகழ்ந்தது இன்னும் தெளிவான உதாரணம். முந்திய ஆண்டு ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியின் பயிற்றுநர் ராஜிந்தர் சிங், தலைவர் தன்ராஜ். ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரங்களே இருக்கையில் ராஜிந்தர் சிங் அகற்றப்பட்டு, ஜேர்மனியரான கெர்ஹார்ட் ராக் நியமிக்கப்பட்டார். முப்பத்தாறு வயதுத் தன்ராஜ் அணியில் இருந்தார். களத்தில் அருமையாகவே காணப்பட்டார். தென்கொரியாவுக்கெதிராக ஏழாம் இடத்துக்கு நிகழ்ந்த இறுதி ஆட்டத்திலும் அவருக்குக் கிடைத்தது சொற்ப நேரமே. வயதைக் காரணங்காட்டுவோர் உளர். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. செயற்கைத் தரையில் வயது பொய் சொல்வதில்லை. ஆனால் சில வாரங்களுக்கு முன் வந்தவர் பதினைந்து ஆண்டு அனுபவத்தை எங்ஙனம் மதிப்பிடுவார்? தமக்குத் தெரிந்த அளவுகோலால், தம் முறைக்குப் பொருந்தும் உடல்களையே அவர் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறைகூறுவதிற் பயனில்லை. அவரை அவ்வேளையில் அங்கே கொண்டுவந்து நிறுத்திய சம்மேளனத்தை ஆட்டக்காரர் எவரும் கேள்விகேட்க இயலாதிருந்தமையே பிரச்சினையின் மையம்.

மலையக அனுபவம் இதனை மேலும் விளக்கும். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் முகாமை செய்தன. 1992இல் முகாமை மீளவும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார்களின் நிறமும் மொழியும் மாறின; பிரட்டுக்களம் மாறவில்லை. ஆனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் நாட்சம்பளத்திலிருந்த வேறுபாடு 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பயனாக நீங்கியது. எந்தத் துரை வந்தாலும் அதனைத் திருப்பிவிட முடியாத நிலை ஏற்பட்டது. ஹொக்கி ஆட்டக்காரருக்கு அத்தகைய சங்கமோ உடன்படிக்கையோ அன்று இருக்கவில்லை. எழுவர் குரலெழுப்பினர், எழுவரும் வெளியே நின்றனர்.

தன்ராஜின் சர்வதேச ஆட்டங்கள் 339 எனப் பதிவாகியுள்ளன. எழுபது நிமிடம் ஓடிய நாளும் ஒன்று. ஏதென்ஸின் அந்த இறுதி நாளும் ஒன்று. அரைப்பேர் அதில் இல்லை.