ஒட்டிசமும் உள்ளூராட்சியின் கடப்பாடும்

ஒட்டிசம் உடையோர்க்கான பொதுச் சேவையைத் தயவாகக் கொள்வதா, உரிமையாகக் கொள்வதா என்னும் வினாவை ஆராய இங்கிலாந்தின் அனுபவத்தை நாம் நோக்கலாம். அங்கு உள்ளூர்ச் சேவைகள் கற்றல் குறைபாடு, உளநோய் என இரு கிளைகளாகப் பிரிந்திருந்தன. இவ்விரண்டும் இல்லாத, ஒட்டிசமுடைய வளர்ந்தோர் பலர் இரு வாயில்களிலும் திருப்பியனுப்பப்பட்டனர். அவர்களைப் பேணும் சுமை குடும்பத்தின் மீதே விழுந்தது.

இந்நிலையை மாற்றும் நோக்குடன் 2009 ஆம் ஆண்டில் ஒட்டிசச் சட்டம் இயற்றப்பட்டது. வளர்ந்தோர்க்கான தேசியத் திட்டமொன்றை வெளியிடுமாறு அது அரசைப் பணித்தது. திட்டம் 2010 இல் வெளிவந்தது. அதனையொட்டி எழுந்த வழிகாட்டு நெறிகள் இனங்காணல், தேவை மதிப்பீடு, ஊழியர் பயிற்சி ஆகியவற்றை உள்ளூராட்சி மன்றங்களினதும் சுகாதார சேவையினதும் பொறுப்பாக்கின. பேணுவோரின் தேவைகளையும் மதிப்பிடும் கடமையை 2014 ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் வலுப்படுத்தியது. சிறுவரோ 2021 ஆம் ஆண்டுத் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டனர்.

ஆயினும் 2009 ஆம் ஆண்டுச் சட்டம் மன்றங்களுக்குத் தனி நிதி எதனையும் ஒதுக்கவில்லை. இனங்காணலுக்கான காத்திருப்பு இன்றும் நீள்கின்றது. தயவு என்பது உரிமையாயிற்று. உரிமை இன்னும் முழுமையான சேவையாகவில்லை. சட்டத்தோடு நிதியும் பயிற்சி பெற்ற ஊழியரும் உள்ளூரிலேயே அமைதல் வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விழைவது.